நூல் வாயில், ஊசி வயிற்றில்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் பாதையில், தமிழ்நாட்டு எல்லை தொடங்கச் சற்று முன்னால் என் சித்தி வீடு இருக்கிறது. வீட்டில் சித்தி, அவர் மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி, பிறகு கைசர். கேரளத்தில் தெருவுக்கு ஒரு நாய்க்காவது கைசர் என்று பெயர் இருக்கும். முதல் உலகப்போரில் முடியிழந்த ஜெர்மன் சக்கரவர்த்தியின் பட்டப்பெயர் தென் திருவிதாங்கூர் நாய்களுக்கு வந்து சேர்ந்த கதையை இன்னொரு வாரம் பார்க்கலாம். இந்த வாரம் சொல்ல வந்தது, அந்தக் கைசர் ஒரு காலை நேரத்தில் எதையோ விழுங்கிவிட்டு எங்களையெல்லாம் ஓட வைத்ததைப் பற்றி.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. ஒரு கல்யாணத்துக்காக நான் அங்கே போயிருந்தேன். மரச்சீனியும் மீன்கறியுமாகக் காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முற்றத்தில் கைசர் தலையை உதறிக்கொண்டிருந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்தது. எச்சில் நூலாக ஒழுகியது. ஒன்றுமில்லாததைத் திரும்பத் திரும்ப விழுங்குவது போலத் தொண்டையை அசைத்தது.

“மீன்முள்ளு குத்தியிருக்கும்” என்றார் சித்தி.

அந்த ஊரில் மீன்முள்ளுக்கு வைத்தியம் தெரியாதவர் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு ரசகதலிப் பழத்தோடு வந்தார். முழுப் பழத்தை விழுங்கினால் முள் கீழே இறங்கிவிடும். எதிர்வீட்டுக்காரர் உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்றார். மாடு வளர்த்துப் பழகிய ஒரு பாட்டா, அரை அவுன்ஸ் ஆவணக்கெண்ணெய் போதும், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். ஆவணக்கெண்ணெய் என்றால் விளக்கெண்ணெய். யோசனைகள் வந்து சேர்வதிலும் அவற்றில் எது நல்லது என்ற விவாதத்திலும் அரை மணி நேரம் போயிற்று. நல்லவேளையாக எதிலும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அப்போது சித்தியின் பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பெரியப்பா, முள்ளு இல்ல. அம்மச்சிக்க ஊசி. துணியோட கொண்டு போச்சு.”

சித்தியின் முகம் மாறியது. அவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். கொக்கி வைப்பது, காஜா எடுப்பது எல்லாம் கையால். அன்று வேலைக்கு நடுவே மீன்கறிக் கையைத் துடைத்த துணியிலேயே, நூல் கோத்த ஊசியையும் குத்தி வைத்திருக்கிறார். மீன் வாசனைக்குக் கைசர் துணியைக் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. துணி கொல்லையில் கிடைத்தது. ஊசி கிடைக்கவில்லை. சித்திக்கு இது ஆரம்பத்திலேயே சந்தேகம். சொல்லவில்லை. கண் மங்கிவிட்டது, தையலை நிறுத்து என்று மகன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊசி என்று சொன்னால் தையல் மிஷின் பரணுக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால்தான் மீன்முள்.

கைசர் வாயைத் திறந்து இரைத்தபோது பார்த்தோம். நாக்கின் அடிப்பக்கத்தில் கறுப்பு நூல் ஒன்று சுற்றிக்கொண்டு, தொண்டைக்குள்ளே போய் மறைந்தது. சித்தியின் மகன் விரலை நீட்டினான். “இழுத்தா வந்துரும்லா?”

நான் டாக்டர் அல்ல. மொழிபெயர்ப்பு என் தொழில்களில் ஒன்று. சில வருடங்களுக்கு முன் கால்நடை முதலுதவி பற்றிய ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். நாய்கள் மீது பெரிய ஈடுபாடு எதுவும் இல்லாமல், பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் செய்த வேலை. ஆனால் அதில் வந்த ஒரு விஷயம் மட்டும் மனதில் தங்கிவிட்டது: நாய் பூனைகளின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் அதை இழுக்கக் கூடாது. கையைத் தட்டிவிட்டேன்.

ஏன் இழுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் புரியாத எச்சரிக்கை, பதற்றத்தில் மறந்துபோகும்.

விழுங்கிய ஊசி கட்டாயம் குடலைக் கிழித்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை. குடலுக்கு ஒரு தற்காப்பு உண்டு. கூர்முனை பட்ட இடத்தில் குடல்சுவர் இளகிப் பின்வாங்கும். பொருள் நகரும்போது மெல்லத் திரும்பி, மொண்ணையான பக்கம் முன்னால் போக, கூர்முனை பின்னால் இழுபட்டு வரும். இதனால் சில ஊசிகள் ஒரு கெடுதலும் செய்யாமல் மலத்தோடு வெளியே வந்துவிடுகின்றன. “எங்க நாயும் ஊசியை விழுங்கிச்சு, பழம் கொடுத்தோம், வந்திருச்சு” என்று சொல்கிற யாரும் பொய் சொல்வதில்லை. வந்தது உண்மை. பழத்தால் வந்ததா என்பதுதான் கேள்வி. வராத நாய்களின் கதையை யாரும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதில்லை.

நூல் சேர்ந்தால் நிலைமை வேறு. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாசலிலோ சிக்கிக்கொள்கிறது. மறுமுனை குடலுக்குள் போகிறது. குடல் தன் வழக்கப்படி அலை அலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. நூல் நகராது. ஆகவே குடல்தான் நூலின்மேல் ஏறுகிறது. பாவாடை நாடாவைப் பிடித்து இழுத்தால் துணி கொசகொசவென்று சுருங்கி ஒரு பக்கமாகச் சேருமே, அப்படியே. சுருங்கிய குடலில் இறுகிக் கிடக்கும் நூல், ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலின் உட்சுவரை அறுக்கும். ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் ஓட்டை விழும். குடலில் இருப்பது வயிற்றறைக்குள் கசிந்தால் பிறகு காப்பாற்றுவது கஷ்டம். வெளியே தெரியும் முனையைப் பிடித்து நாம் இழுப்பது அந்த நாடாவை இன்னும் இறுக்குகிற வேலை. நுனியில் ஊசியும் இருந்தால், பின்பக்கமாக வந்துகொண்டிருந்ததைக் கொக்கி போல மாட்டிவிடுகிறோம்.

விளக்கெண்ணெயும் இதே காரணத்தால் ஆகாது. அது குடலின் அசைவைக் கூட்டுகிறது. நூல் இன்னும் வேகமாக அறுக்கும். திமிறுகிற நாயின் வாயில் எண்ணெயைப் புகட்டினால் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய், இல்லாத நிமோனியாவையும் வரவழைக்கும். உப்புத் தண்ணீர் அதைவிட மோசம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு முழுவதும் ரத்தத்தில் ஏறி, வலிப்பு வந்து நாய் சாகலாம். வாந்தி வந்தாலோ, கீழே போன ஊசி அதே பாதையில் தொண்டையைக் கீறிக்கொண்டு மேலே வர வேண்டும். பழமும் சோறும் பார்வைக்குச் சாதுவானவை. ஆனால் உடனே மயக்க மருந்து கொடுத்துக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியிருந்தால், நிறைந்த வயிறு ஓர் இடைஞ்சல். சில சமயம் டாக்டரே கெட்டி உணவு கொடுக்கச் சொல்வார். அதை அவர் சொல்லட்டும்.

பாட்டா கடைசியாகக் காந்தம் என்ற யோசனையையும் வைத்தார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மாடு வளர்த்தவரின் அறிவு அது. மாடு மெல்லாமல் விழுங்கும் பிராணி. தீவனத்தோடு ஆணியும் கம்பியும் போய் அதன் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அங்கிருந்து இதயம் மிக அருகில். கம்பி குத்திக்கொண்டு போய் இதய உறையைத் தொட்டு மாடுகள் செத்திருக்கின்றன. அதற்காக மாட்டை ஒரு காந்தத்தை விழுங்க வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். காந்தம் அந்த அறையிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாய்க்கு இருப்பது ஒரே இரைப்பை. அதற்குக் காந்தம் கொடுப்பது, விழுங்கிய பொருள்களின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பது மட்டுமே.

ஆட்டோ வந்தது. கைசரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டாவது தவறு அங்கேதான் நடந்தது. அது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பகுதியின் மொழி நிலவரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே பாறசாலைப் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும் கலந்தது. நாயைப் பட்டி என்பார்கள். ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டிக்காரர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள். பெரும்பாலும் இந்தக் கலப்பு மொழியில் எல்லாக் காரியமும் நடந்துவிடும். எப்போதாவது ஒரு சொல் காலை வாரும்.

நான் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்தி ஜன்னலுக்குப் போய்ப் பதற்றத்தில் சொன்னது இவ்வளவுதான்: “பட்டிக்கு ஊசி, சாறே... ஊசி.”

உள்ளே இருந்தவருக்குத் தமிழ் தெரியும். தெரிந்ததுதான் வினை. ஆஸ்பத்திரியில் ஊசி என்றால் எந்தத் தமிழனுக்கும் என்ன அர்த்தமோ அதுவே அவருக்கும். நாய்க்கு ஊசி என்றால் வெறிநோய்த் தடுப்பூசி. சீட்டு எழுதிக் கொடுத்து, “கார்டு உண்டோ?” என்று கேட்டு, வரிசையைக் காட்டினார். வரிசையில் பன்னிரண்டு பேர். கூடையில் குட்டிகள், சங்கிலியில் பொமரேனியன், கையில் பூனை. நாங்களும் உட்கார்ந்தோம். கைசர் எச்சில் ஒழுக்கிக்கொண்டு சித்தியின் காலடியில் படுத்திருந்தது. மொழிபெயர்ப்பில் பிழைக்கும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வேறு கேஸ் பார்க்கிறார், கூப்பிடுவார் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் சித்தியின் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு ஓடினேன். ஊசி என்ற சொல்லை விட்டுவிட்டேன். “நூல்” என்றேன். “நாக்கின்றெ அடியில் நூல்.” நூல் என்பது இரண்டு மொழியிலும் நூல்தான். அதே தாலுகாவில்தான் பாலராமபுரம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு நெய்வதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். நூல் என்ற சொல்லுக்கு அங்கே யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. டாக்டர் உள்ளறையிலிருந்து அப்படியே எழுந்து வந்தார்.

ஆனால் அவரும் முதலில் கேட்டது அதே கேள்விதான்: “தடுப்பூசிக் கார்டு இருக்கிறதா?”

எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு அவர் விளக்கியபோது எரிச்சல் வெட்கமாக மாறியது. வாயைச் சரியாக மூட முடியாமல், எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் ஒரு நாய் வந்து நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெறிநோயின் ஒரு வகையில் நாய் பாய்ந்து கடிக்காது. தாடை தளர்ந்து தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, மூலையில் சோர்ந்து கிடக்கும். பாவம், எலும்பு சிக்கிக்கொண்டது என்று வீட்டுக்காரர் வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவுவார். விரலில் காய் நறுக்கிய கீறல் ஒன்று இருந்தால் போதும். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. நோய்க்குறி தோன்றிய பிறகு மனிதருக்கு மருந்து கிடையாது என்றே சொல்ல வேண்டும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் சார்ந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. 2022-இல் கேரளத்தை உலுக்கிய நாய்க்கடி மரணங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வரிசை. முதலில் கார்டு, பிறகு கையுறை, அதற்குப் பிறகுதான் வாய். கைசரின் கார்டு இருந்தது. அந்த வருடத்து ஊசி மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. ஊசி காணாமல்போனது நிச்சயம், நூல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் டாக்டருக்குச் சந்தேகம் குறைந்தது. ஆனாலும் எங்கள் கைகளைப் பார்த்தார். எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்தார். கீறல் இருந்தால் நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மனிதர்கள் மனித டாக்டரிடம் போக வேண்டும் என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விகளை நான் குறித்து வைத்திருக்கிறேன். என்ன பொருள்? எத்தனை மணிக்கு? எவ்வளவு நீளம், எத்தனை? அதற்குப் பிறகு வாயில் எதையாவது ஊற்றினீர்களா, ஊட்டினீர்களா? வாந்தி உண்டா? மலம் போனதா? எல்லாம் நம்மால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். நாயால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது. அதன் வயிற்றுக்குள் நடப்பதை டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை மறைக்கக் கூடாது. சித்தி அப்போதுதான் முழுவதையும் சொன்னார். பெரிய ஊசி, இரட்டை நூல், ஒரு முழம் இருக்கும். மணி எட்டே கால், ரேடியோவில் செய்தி முடிந்த நேரம். நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்றதும் டாக்டர் ஆச்சரியப்பட்டார். நேர்மையாகச் சொன்னால், கொடுக்காததற்குக் காரணம் அறிவல்ல, கருத்து வேற்றுமை.

அங்கே எக்ஸ்ரே இல்லை. ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் படம் எடுத்தார்கள். எடுக்குமுன், “அதே மாதிரி ஊசி ஒன்று கொண்டுவந்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். பாறசாலை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால் சித்தி ஊசிப் பாக்கெட்டையே கொண்டுவந்திருந்தார். ஒன்றைப் பக்கத்தில் வைத்தே படம் எடுத்தார்கள். வெள்ளைக் கோடாக இரண்டு ஊசிகள். ஒன்று வெளியே, ஒன்று கைசரின் இரைப்பையில். முழுசாக இருக்கிறது, உடையவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். நூல் படத்தில் தெரியவில்லை. தெரியாது. உலோகம், கல், எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். நூல், துணி, பிளாஸ்டிக், மரம், மாங்கொட்டை பெரும்பாலும் தெரியாது. “படம் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்” என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் தாங்கள் டாக்டரிடம் என்ன சொன்னோம் என்று யோசிக்க வேண்டும். நூல் என்று சொன்னால் அவர் ஸ்கேன் செய்து பார்ப்பார், வேறு வழி தேடுவார். மீன்முள் என்று சொன்னால் மீன்முள்ளைத் தேடுவார்.

நூல் நாக்கில் சிக்கி ஊசியை இரைப்பையைத் தாண்ட விடாமல் பிடித்து வைத்திருந்தது ஓர் அதிர்ஷ்டம். மயக்க மருந்து கொடுத்து, நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, குழாய்க் கேமரா வழியாக ஊசியைப் பிடித்து எடுத்தார்கள். வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். செலவு ரூ. 14,000. ஆபரேஷன் என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தைத்துக் கொடுக்கும் ஜாக்கெட்டுகளில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேரத்தோடு போனால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. தையல் ஊசி விழுங்கிய 65 நாய் பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2014-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்தது. பெரும்பாலானவை பிழைத்தன. அதே 2014-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் ஒரு கிரேட் டேன் நாயின் வயிற்றிலிருந்து நாற்பத்து மூன்றரைக் காலுறைகளை எடுத்தார்கள். அதுவும் பிழைத்தது. மீதி அரைக் காலுறை எங்கே போனது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஊசியோடு விஷயம் முடியவில்லை. இந்த எல்லைக் கிராமங்களின் மேற்குப் பக்கம் கடல். பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி போன்ற கரைகளில் நாய்கள் இரையோடு தூண்டில் முள்ளை விழுங்குவது உண்டு. அங்கேயும் நரம்பை இழுக்கக் கூடாது. இழுத்தால் முள்ளின் எதிர்க்கொக்கி சதையில் நன்றாக ஏறும். நரம்பை வெட்டி எறியவும் கூடாது. வெளியே தெரியும் முனையை அப்படியே விட்டு, நாய் அதை விழுங்காமல் பார்த்துக்கொண்டு கொண்டுபோக வேண்டும். டாக்டருக்கு அது வழிகாட்டி.

டி.வி. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பாட்டரி ஊசியைவிட அவசரமானது. உணவுக்குழாயில் தங்கினால் ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, பட்ட இடத்தில் காரம் உண்டாகிச் சதையைப் பொசுக்கும். குழந்தைகள் விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையான காயம் ஆகிவிடுகிறது. நாய்க்கும் அதே வேதியியல்தான். வாந்தி எடுக்க வைக்கக் கூடாத பொருள்களில் கூர்மையானவை, பாட்டரி, ஆசிட், காரம், மண்ணெண்ணெய் எல்லாம் அடங்கும். வேறு சில பொருள்களுக்கு, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால், டாக்டரே ஊசி மருந்து போட்டு வாந்தி எடுக்க வைப்பார். எதற்கு எது என்ற முடிவு அவருடையது.

எலி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல. துத்தநாக பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி இரைப்பை அமிலத்தில் பட்டதும் விஷ வாயுவைக் கக்கும். சோறு போட்டால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் அந்தக் காற்று நமக்கும் ஆபத்து. ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். கட்டியாக விற்கும் வேறு வகை, ரத்தம் உறைவதைத் தடுப்பது. அதைத் தின்ற நாய் மூன்று, நான்கு நாள் ஒன்றுமே நடக்காதது போல ஓடியாடும். பிறகு உள்ளே ரத்தம் கசிந்து விழும். அதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது, சரியான நேரத்தில் சொன்னால். எந்த வகை என்று டாக்டருக்குச் சொல்வது காலி உறைதான். கோபத்தில் அதைக் குப்பையில் வீசிவிடாதீர்கள்.

மூச்சே விட முடியாமல் திணறி, ஈறு நீலம் பாய்ந்தால் அது வேறு அவசரம். விழுங்கியதல்ல, மூச்சுக்குழாயை அடைத்தது. அப்போது ஆஸ்பத்திரி வரை பொறுக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாததைத் துழாவி உள்ளே தள்ளக் கூடாது. சிறிய நாயைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கலாம். பெரிய நாயை விலாவுக்குக் கீழே வயிற்றில் இறுக்கி மேல்நோக்கி அழுத்தலாம். தடுப்பூசி போடாத நாய், கடந்த சில நாட்களாகவே நடத்தை மாறிய நாய் என்றால், கை ஜாக்கிரதை.

எங்கே போவது என்பதை அவசரம் வருமுன் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கேரளம், தமிழ்நாடு இரண்டிலுமே 1962 என்பது நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான கட்டணமில்லாத எண். வண்டி வராவிட்டாலும், அருகில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்றாவது கேட்கலாம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். தென்மாவட்டத்தாருக்கு 2012 முதல் திருநெல்வேலியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. பம்பாய்த் தமிழர்களுக்குப் பரேல், பெங்களூர்த் தமிழர்களுக்கு ஹெப்பால். எக்ஸ்ரே எங்கே உண்டு, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று ஒரு சும்மா நாளில் போன் செய்து கேட்டு, அரிசிப் பானைக்கு மேலே எழுதி ஒட்டிவைப்பதில் நஷ்டமில்லை.

பிறகு, யார் வைத்த ஊசி என்ற விசாரணையை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தைத் தின்றது வைத்தியம் தெரியாதது அல்ல, திட்டுக்குப் பயந்த ஒரு பொய். திட்டு விழும் வீட்டில் உண்மை தாமதமாகத்தான் வரும். ஏழு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பயம் இல்லாததால் கைசர் பிழைத்தது. தையல் மிஷின் பரணுக்குப் போகவில்லை. மகன் சித்திக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான்; ஊசிகளுக்கு மூடி போட்ட தகர டப்பா ஒன்றும் வாங்கி வந்தான். ராத்திரி படுக்குமுன் ஊசிகளை எண்ணி வைப்பது பேத்தியின் பொறுப்பு.

மூன்று வாரம் கழித்து, தள்ளிப்போயிருந்த தடுப்பூசியைப் போடச் சித்தியே கைசரை அதே மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலில் அதே ஆள். “பட்டிக்கு ஊசி, சாறே” என்றாராம் சித்தி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் கைசரையும் பிறகு சித்தியையும் பார்த்து மெதுவாகக் கேட்டாராம்:

“ஏது ஊசி, அம்மச்சீ?”